பதினான்காம் எண்ணின் மூன்று மங்கல் படங்கள்

"தெருவுல நாப்பது வீடு இருக்கு. எல்லார் வீட்டுக்கும் மாசத்துக்கு ஒரு தடவை. என் வீட்டுக்கு மட்டும் ரெண்டு தடவை. ஏன் சார், என் குழாயில மட்டும் என்ன பன்னீரா வருது?"

பதினான்காம் எண் வீட்டில் தனியாக இருக்கும் தையல்காரம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. கழுத்தில் அளவு நாடா, கையில் பாதி தைத்த திரைச்சீலை. அவர் காலடியில், கேட்டின் ஓரமாகக் குந்தியபடி, தரைக்குழியின் மூடியை இரும்புக் கொக்கியால் நெம்பிக்கொண்டிருந்தார் மீட்டர்காரர். தண்ணீர் மீட்டர் அந்தக் குழிக்குள்தான் இருந்தது. மூடியின் ஒரு மூலை உடைந்து, ஒரு பூனை நுழையும் அளவுக்கு வழி இருந்தது.

"நானாவா வர்றேன், அம்மா? எடுத்த படம் மங்கல்னு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி எடுக்கலேன்னா என்னை விடுவாங்களா?"

"முதல்ல இந்த அம்மாவை விடுங்க. உங்களைவிட ஒரு அஞ்சு வயசு சின்னவளாத்தான் இருப்பேன்."

"சரி, அம்மா."

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் பத்து நிமிடமாக ஒரே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதிலிருந்த செடி நீச்சல் பழகும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. தையல்காரம்மா தையல் எந்திரத்தை விட்டு எழுந்து வாசலுக்கு வருவதே அபூர்வம். வந்தால் ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாது.

"தெரு என்ன பேசும்னு யோசிச்சீங்களா? இவ வீட்டு மீட்டர் மட்டும் என்ன அவ்வளவு அழகான்னு கேக்க மாட்டாங்க?"

தபால்காரர் தலையைக் குனிந்து செடியை ஆராய்ந்தார்.

"காட்டுங்க அந்த மங்கலை" என்று கையை நீட்டினார் தையல்காரம்மா. மீட்டர்காரர் எழுந்து, தோளில் தொங்கிய அலுவலகக் கைக்கருவியைத் தட்டி, மூன்று நாளைக்கு முன் எடுத்த படத்தைக் காட்டினார். மீட்டரின் எண், அளவு காட்டும் கறுப்புச் சக்கரங்கள், கடைசிச் சிவப்புச் சக்கரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஓரத்தில் சாம்பல் பூனை ஒன்று கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தது.

"இதுவா மங்கல்? பூனை மீசையை எண்ணலாம் போல இருக்கே!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"யார்கிட்ட சொல்றீங்க?"

"உங்ககிட்ட."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நானா திருப்பி அனுப்பினேன்?"

மீட்டர்காரர் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். துணியால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, குழிக்குள் பேசுவது போல, "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. ஒண்ணாம் தேதியிலிருந்து என்னைக் கிடங்குல போட்டுட்டாங்க" என்றார்.

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்று வெளியே வந்தது. தையல்காரம்மா அதை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படித்தார். ஒரே வீட்டின் படம் தொடர்ந்து மூன்று மாதம் மங்கல் என்று திரும்பினால், படம் எடுப்பவரின் பார்வை போதாது என்று கொள்ளப்படும். அவர் தெருவேலையிலிருந்து எடுக்கப்பட்டு, பழுதான மீட்டர்களை அடுக்கும் கிடங்குக்கு மாற்றப்படுவார். மறுப்பு இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் மேலாளரை நேரில் பார்க்கவும்.

அந்தக் கிடங்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். அது நீளமான அறை. சன்னல் கிடையாது. இரண்டு குழல்விளக்குகள் உண்டு, அவற்றில் ஒன்று எப்போதும் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். அங்கே போனவர்கள் கெட்டுப்போகவில்லை. சம்பளமும் அதேதான், வெயிலும் இல்லை. வேறு யாராவதாக இருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மீட்டர்காரருக்கோ, தெருவைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்று எதுவும் இல்லை.

நாற்பத்தாறு வயது. அண்ணன் வீட்டு மாடியறையில் வாசம். பத்தொன்பது வருடமாகத் தினமும் எண்பது வீட்டு வாசல். மீட்டரை மட்டும் படம் எடுத்துவிட்டு நகர்ந்திருந்தால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அவருக்கு அது முடியாது. கேட் நிழல் தரையில் வரிவரியாக விழுந்திருந்தால் நின்றுவிடுவார். கொடியில் தொங்கும் சட்டை காற்றில் கையைத் தூக்கினால் அதற்கும் நின்றுவிடுவார். கவிழ்த்து வைத்த வாளி, ஓட்டைக் குடை, ஒற்றைச் செருப்பு, இப்படி யாரும் திரும்பிப் பார்க்காததெல்லாம் அவருடைய கைப்பேசியில் பத்திரமாக இருந்தன. ஒருநாள் அண்ணி அதை வாங்கி, தள்ளித் தள்ளிப் பார்த்தார். "ஆறாயிரம் படம் இருக்கு. ஒரு மனுஷ மூஞ்சி இருக்கா இதுல? பொண்ணு பாக்கச் சொன்னா இவர் பக்கெட்டைப் பாத்துட்டு வர்றார்" என்றார். அண்ணி சொல்லில் கொஞ்சம் காரம் இருக்கும், ஆனால் கணக்குத் தப்பாது.

படத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அலுவலகக் கைக்கருவியில் ஒவ்வொரு வீட்டுப் படத்துக்கும் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'நாய் உண்டு', 'கேட் பூட்டு' என்று எழுதுவதற்காக வைத்தது. நம் ஆள் அதில் மனசில் பட்டதையெல்லாம் எழுதுவார். 'எண் 9: நாய் இல்லை. சங்கிலி மட்டும் இருக்கிறது. அதுவே குரைக்கும் போல இருக்கிறது.' 'எண் 22: ஒரு செருப்புதான் வெளியே கிடக்கிறது. மற்றதைப் போட்டுக்கொண்டு எங்கே போயிருப்பார்?' 'எண் 31: புதுப் பூட்டு. உள்ளே யாரும் புதிதாக வந்த மாதிரி தெரியவில்லை.' இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

தையல்காரம்மா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"மேலாளரைப் பாத்தீங்களா?"

"பாத்து என்ன சொல்றது?"

"படம் நல்லா இருக்குன்னு சொல்றது!"

"அது அவங்களுக்கே தெரியணும்ல."

"பத்தொம்பது வருஷமா ஊரார் வீட்டு மூடியைத் தூக்கறீங்க. சொந்த வாயைத் திறக்கத் தெரியல. இருங்க, வர்றேன்."

உள்ளே போனார். தையல் எந்திரத்தின் விளக்கு அணைந்தது. கதவுப் பூட்டு விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் செருப்பை மாற்றியிருந்தார், கைப்பை எடுத்திருந்தார். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். மீட்டர்காரர் அதைக் கவனித்தார். வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

எதிர்வீட்டில் தண்ணீர் நின்றது. தபால்காரர் நேரே உள்ளே போய்த் தன் மனைவியிடம், "ரெண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறிட்டாங்க" என்றார். அப்போது அவர்கள் பேருந்து நிறுத்தத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை.

பேருந்தில் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். படங்களைத் திருப்பி அனுப்புகிறவரைப் பற்றி மீட்டர்காரர் சொன்னார். யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. திரையில் 'சரிபார்ப்பு மூன்று' என்று மட்டும் வரும். மீட்டர் எடுப்பவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாது. கல்நெஞ்சுன்னு மட்டும் தெரியும்."

"இன்னிக்குத் தெரிஞ்சுக்குவோம்" என்றார் தையல்காரம்மா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

மேலாளர் நல்ல மனிதர். எந்தப் பிரச்சினையையும் விதிகளின் புத்தகத்தில் தேடி, பக்கம் கிடைத்ததும் நிம்மதியாகிவிடுகிற ரகம். இருவரையும் உட்காரச் சொல்லி, மாதத்துக்கு இரண்டு தடவை ஆள் வருவதைப் பற்றித் தையல்காரம்மா போட்ட சத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிபார்ப்பு மூணைக் கூப்பிடுங்க" என்று பின்னறைக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்தவர் ஐந்தடிக்கும் குறைவான ஒரு பெண்மணி. வயது ஐம்பத்தெட்டு இருக்கும். குளிர்சாதன அறையிலேயே கிடப்பதால் மேலே கம்பளிச் சட்டை. ஒன்பது வருடமாகச் சன்னல் இல்லாத அந்தப் பின்னறையில் உட்கார்ந்து, நாளுக்கு எண்ணூறு மீட்டர் படங்களைப் பார்த்து, 'சரி' அல்லது 'மங்கல்' என்று ஒரு பொத்தானை அமுக்குவது அவர் வேலை.

"பதினாலாம் நம்பர் படம் விஷயமா..." என்று மேலாளர் தொடங்கினார்.

பூதக்கண்ணாடியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா தம்பி அது! குட்டி மூணா நாலா? அந்த மீட்டருக்குப் பின்னாடி ஒரு வால் தெரிஞ்சுதே, அது அம்மா வாலா, இன்னொரு குட்டியா?"

"நாலு" என்றார் மீட்டர்காரர், அவரையறியாமல்.

"நினைச்சேன்!"

"இங்க யாரும் பூனைக்காக வரல" என்றார் தையல்காரம்மா. எழுந்தே நின்றுவிட்டார். "கண்ணாடி மாதிரி இருக்கற படத்தை மங்கல்னு திருப்பி அனுப்பியிருக்கீங்க. மூணு மாசமா! உங்களால இவர் வேலை போகுது. பாத்தா பெரியவங்களா இருக்கீங்க, இப்படியா செய்யறது?"

"வேலை போகுதா? யாருக்கு?"

மேலாளர் கடிதத்தைக் காட்டினார். அந்த அம்மாள் படித்தார். மலர்ந்த முகம் சுருங்கிப்போனது. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசம் சேர்ந்தா கிடங்குன்னு எனக்கு யார் சொன்னா? என் திரையில ரெண்டே பொத்தான். நான் இவருக்கு நல்லதுதானே பண்ணினேன்!"

"மங்கல்னு போடறதா நல்லது?" என்றார் மேலாளர்.

"சரின்னு அமுக்கினா அந்த வீடு இவரோட கருவியில அந்த மாசத்துக்குப் பூட்டிக்கும் சார். திரும்பப் போக முடியாது. மங்கல்னு அமுக்கினாத்தான் திறக்கும். மறுபடி போகணும், போகணும்னு எழுதறாரு. பாவம், வாய்விட்டுக் கேக்கத் தெரியாத பிள்ளை, கதவைத் திறந்து விடுவோம்னு நினைச்சேன்."

"நான் எங்க எழுதினேன்?" என்றார் மீட்டர்காரர். எதற்கும் பதறாத மனிதரின் குரல் முதன்முறையாக ஏறியது.

பூதக்கண்ணாடி பின்னறைக்குப் போனார். மூன்று தாள்களை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் படித்தார்.

"முதல் மாசம். 'எண் 14: குழிக்குள் பூனை. இன்றோ நாளையோ ஈன்றுவிடும். மறுபடியும் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.' இது கேக்கறதா, இல்லையா? ரெண்டாவது மாசம். 'எண் 14: குட்டிகள் எத்தனை என்று தெரியவில்லை. எண்ணுவதற்குள் தையல்காரம்மா கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கணக்கு விட்டுப்போயிற்று. இன்னொரு முறை வர வேண்டும்.' இதுவும் கேக்கறதுதானே?"

"அது... சும்மா எழுதறது" என்றார் மீட்டர்காரர். மேலே குளிர்காற்று வரும் துவாரத்தை உற்றுப் பார்த்தார். அதற்குள் புகுந்துவிட முடியுமா என்று அளவெடுப்பது போல இருந்தது.

"மூணாவதையும் கேளுங்க. 'எண் 14: தையல்காரம்மா வீட்டில் இல்லை. நாற்காலி மட்டும் வெயிலில் இருந்தது. எண் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் படம் முழுமையாகவில்லை.'" அந்த அம்மாள் தாளை இறக்கினார். "படம் முழுமையாகலேன்னு எடுத்தவரே சொல்றாரு. நான் எப்படிச் சரின்னு போடறது?"

வாசலில் கோப்பு எடுக்க வந்த எழுத்தர் ஒருவர் கோப்பை எடுக்காமலேயே நின்றுகொண்டிருந்தார். தையல்காரம்மா உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் கிடந்த அளவு நாடா அப்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. அதைக் கழற்றி விரலில் சுற்றத் தொடங்கினார். காது மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாருங்க. நேராவே கேக்கறேன். நீங்க மறுபடி போகணும்னு கேட்டீங்களா, இல்லையா? கேக்கலேன்னு சொன்னா, தப்பு இந்தம்மாவோடது. இந்த மூணு மங்கலும் கழிஞ்சிடும், நீங்க தெருவுக்குப் போகலாம். கேட்டேன்னு சொன்னா, ஆபீஸ் வேலையைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தினதா ஆகும். கிடங்குதான். யோசிச்சுச் சொல்லுங்க."

அதில் யோசிக்க என்ன இருந்தது? இல்லை என்று ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் நாற்பது வீட்டுத் தெருவும், அதற்கு அடுத்த தெருவும், கொடியில் கையைத் தூக்கும் சட்டைகளும் திரும்பக் கிடைத்துவிடும். பூதக்கண்ணாடி அவருக்குக் கண்ணால் சைகைகூடக் காட்டினார், சொல்லிவிடு தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. தையல்காரம்மா அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மட்டும் சுற்றுவதை நிறுத்தியிருந்தது.

"எழுதும்போது கேக்கணும்னு நினைச்சு எழுதல சார்" என்றார் மீட்டர்காரர் மெதுவாக. "இப்ப இந்தம்மா படிக்கும்போது கேட்டா... கேட்ட மாதிரிதான் இருக்கு."

"கேட்ட மாதிரியா, கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

மேலாளர் பெருமூச்சு விட்டு விதிப்புத்தகத்தைத் திறந்தார். மனிதருக்கு வருத்தம்தான். பக்கங்களைப் புரட்டினார். ஏதாவது ஒரு வழி இருந்துவிடாதா என்று தேடினாரோ என்னவோ. "வீட்டுக்காரங்க கேட்டு ரெண்டாந்தடவை போயிருந்தா அது வேற விஷயம்" என்று பாதி தனக்குள் சொல்லிக்கொண்டார். "அளவுல சந்தேகம், மறுபடி வந்து பாருங்கன்னு வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்திருந்தா, மங்கல் கணக்குல சேராது. ஆனா அப்படி யாரும்..."

"கேட்டேன்" என்றார் தையல்காரம்மா.

"என்னம்மா?"

"நான்தான் வரச் சொன்னேன். மூணு மாசமும்."

மேலாளர் அவரைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால், மேசையைத் தட்டாத குறையாக, "மாசத்துக்கு ரெண்டு தடவை ஆளை அனுப்பி உயிரை வாங்கறீங்க, தெரு என்ன பேசும்" என்று இதே பெண்மணி இதே அறையில் முறையிட்டது அவருக்கு மறக்கவில்லை.

"எழுத்துல கேட்டீங்களா?"

"படிவம் இருக்கா?"

"இருக்கு."

"பேனா குடுங்க."

மூன்று படிவங்கள் வந்தன. தையல்காரம்மா மேசைமேல் குனிந்து, துணியில் சுண்ணாம்புக்கோடு போடுகிற அழுத்தத்தோடு எழுதினார். பெயர், வீட்டு எண், மீட்டர் எண். 'மறு அளவு கோருவதற்கான காரணம்' என்ற இடத்தில் கொஞ்சம் நிதானித்தார். முதல் படிவத்தில் 'பூனை' என்று எழுதினார். இரண்டாவதில் 'பூனைக்குட்டிகள்' என்று எழுதினார். மூன்றாவதில் பேனா அந்த இடத்தின் மேலேயே நின்றது.

"காரணம் எழுதாம விடக் கூடாதும்மா" என்றார் மேலாளர்.

'நான் அன்று வீட்டில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேலாளர் மூன்றையும் வாங்கிப் படித்தார். சிரிப்பை அடக்குவதற்காகக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டார் என்பது வாசலில் நின்ற எழுத்தர் பிறகு எல்லோரிடமும் சொன்ன தகவல். முத்திரையை எடுத்து மூன்று முறை குத்தினார். கடிதத்தைக் குறுக்கே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மணி நாலே முக்கால்.

"இனிமே குறிப்புக் கட்டத்துல நாய், கேட், அவ்வளவுதான்" என்று மீட்டர்காரரை எச்சரித்தார்.

"ஐயோ சார், அதை நிறுத்திடாதீங்க" என்றார் பூதக்கண்ணாடி. "ஒரு நாளைக்கு எண்ணூறு மீட்டர் பாக்கறேன். மனுஷங்க எழுதினதுன்னு வர்றது இவரோடது மட்டும்தான். ஒன்பதாம் நம்பர் சங்கிலியை நினைச்சு நான் வீட்டுல போய்ச் சிரிச்சிருக்கேன்."

மேலாளர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். குறிப்பின் நீளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மூடி வைத்தார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். எந்தப் பேருந்து முதலில் வரும் என்பதில் இருவருக்கும் திடீரென்று பெரிய அக்கறை வந்திருந்தது.

"உங்களுக்கு அங்க வந்து பொய் எழுத வேண்டியதாப் போச்சு" என்றார் மீட்டர்காரர்.

"நான் எங்க பொய் எழுதினேன்? காரணம் மூணும் நிஜம்தானே?"

"வரச் சொன்னதா எழுதினீங்களே."

"வெயில்ல நாற்காலி போட்டு வெச்சது பின்ன யாருக்காம்?" என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டார் தையல்காரம்மா. "உக்காராம குழியையே எட்டிப் பாத்துட்டுப் போற ஆளுக்கு எப்படித்தான் புரிய வைக்கறதோ! அடுத்த மாசம் மீட்டருக்கு ஒரு தடவை வாங்க. இன்னொரு தடவை கொக்கியை வெச்சுட்டு வாங்க."

"சரி" என்றார் மீட்டர்காரர். அடுத்து வரவிருந்த சொல்லை நல்லவேளையாக விழுங்கிக்கொண்டார்.

கொக்கி இல்லாமல் வந்த முதல் தடவை கைப்பேசியோடு வந்தார். தையல்காரம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார். முதலில் தோளும் எந்திரமும் மட்டும் விழுந்தன. இரண்டாவதில் நெற்றி வரை வந்தது. மூன்றாவதில்தான் முகம் முழுக்கக் கிடைத்தது, அதிலும் அவர் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "ஆறாயிரத்து மூணாவது படத்துல ஒரு வழியா ஆளு வந்துடுச்சு" என்று தன் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மாலையே அண்ணனும் அண்ணியும் கிளம்பிப் போய்ப் பேசினார்கள். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது போனபிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது பூதக்கண்ணாடியும் மேலாளரும். மீட்டர்காரர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினான்காம் எண்ணுக்குக் குடிவந்தார். சொந்த வீட்டு மீட்டரை அந்த வீட்டில் இருப்பவரே எடுக்கக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்ததை மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். அதனால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இப்போது வேறோர் ஆள் வருகிறார். நடந்துகொண்டே படம் எடுக்கிற ஆசாமி. அவர் எடுப்பது உண்மையிலேயே மங்கல். தையல்காரம்மாவுக்கும் அவருக்கும் மாதாமாதம் நடப்பதைத் தெரு முழுவதும் கேட்கலாம்.

எதிர்வீட்டுத் தபால்காரரும் மனைவியும் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது தாதி ஒருவர் குடியிருக்கிறார். பாதி நேரம் வேலையில் இருப்பதால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை. பூதக்கண்ணாடி பணி ஓய்வு பெற்று, வெகுதூரத்தில் இருக்கும் தன் தங்கையோடு சேர்ந்துகொண்டார். ஐந்தாவது மாடி, நாலு பக்கமும் சன்னல். போகும்போது, அதற்குள் பெரிதாகிவிட்ட நாலாவது குட்டியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.